மூன்றடிக்கு ஒன்றரை

ஷெர்வின் மெல்பேர்னுக்குப் போகிற கிழமை
கண்ணாடித் தொட்டியை வளர்ப்புமீன் கடைக்கு விற்றான்.
பாம்பை எனக்குத் தந்தான்,
தலையணை உறைக்குள், வாய் முடிச்சிட்டு,
அதன் கடதாசிகளோடு.
சோளப் பாம்பு. விஷமில்லை. பெயருமில்லை.
நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்துச் சீட்டுப் பெண் கேட்டாள்:
"பாணா? சூடா இருக்கா?"
"ஆறிட்டுது" என்றேன்.

பாம்பென்றால் படையும் நடுங்குமாம்.
நடுங்கியது நான்,
கொள்ளுப்பிட்டிக் கடையில்
தொட்டியின் விலைத்துண்டைத் திருப்பிப் பார்த்து.
ஒரு மாத வாடகை,
அதற்கு மேலே ஒரு மூட்டை அரிசி.

அதனால் ஐந்துலாம்புச் சந்தி.
நவ்ஷாத் நானாவின் கடையில்
கூரைவரை பிளாஸ்டிக்.
மூன்றடி நீளம், ஒன்றரை அகலம்,
மூடிக்கு நாலு கிளிப்.
"உடுப்பு வைக்கவா தம்பி?"
"ஒராள் இருக்க."
சிரித்துவிட்டு நூறு ரூபாய் குறைத்தார்.

ஆணியைக் காஸ் அடுப்பில் பழுக்கவைத்து
ஓட்டை போட்டேன், பக்கத்துக்கு இருபது.
பதினேழாவதில்
கீழிருந்து பிலோமினா அக்கா கூப்பிட்டாள்:
"என்ன தம்பி எரியிது?"
"சேர்ட் அக்கா. அயன் பண்ணேக்க."
சாமான் பட்டியலில்
பொய்க்கு மட்டும் விலை போடவில்லை.

ஒளிந்துகொள்ளச் சிரட்டை,
விளிம்பில் ஒரு வாசல் அறுத்து.
தண்ணீருக்கு ஷெர்வினின் சாம்பல் கிண்ணம்,
கனமானது, கவிழாது.
விரிப்புக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்.
மரண அறிவித்தல் பக்கமென்று
பிறகுதான் கண்டேன்.
கரவெட்டியைப் பிறப்பிடமாகவும்
டொரொன்டோவை வதிவிடமாகவும் கொண்ட ஒருவரின்
மூக்குக்கண்ணாடியில்
அது தலைவைத்துப் படுத்திருந்தது.

எலிக்குஞ்சு ஐந்து, உறையவைத்தது,
ராகமையில் வளர்க்கிற ஒருவனிடம்.
பிரிஜ் வீட்டுக்கெல்லாம் பொது.
ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டு
மேலே 'மருந்து' என்று எழுதினேன்.
இரண்டு நாள் கழித்துப் பிலோமினா அக்கா
என் உடம்பை விசாரித்தாள்,
மிகவும் மெதுவான குரலில்.

சூட்டுக்குத்தான் செலவென்று பயந்திருந்தேன்.
ஏப்ரல் மாதம். கொட்டாஞ்சேனை. தகரக் கூரை.
நானூறு ரூபாய் வெப்பமானி
மத்தியானம் முப்பத்தைந்தில் நின்றது.
பல்பு வேண்டாம், கம்பளி வேண்டாம்.
விற்பனைக்கில்லாத ஒன்று வேண்டும்:
குளிர்ந்த ஒரு பக்கம்.

மூன்றாம் நாள் ஒரு கிளிப் கழன்றிருந்தது.

கட்டிலைத் திருப்பினேன்.
சப்பாத்துக்குள் கைவிட்டேன்,
கையை எடுத்தபிறகு பயந்தேன்.
அரிசி வாளி. ரவுட்டரின் பின்பக்கம்.
பிலோமினா அக்காவிடம் என்ன சொல்வது என்று
மூன்று வசனம் தயாரித்தேன்.
மூன்றும் 'அக்கா பயப்படாதீங்க' என்று தொடங்கின.

இரவு ஒன்பதுக்கு அகப்பட்டது,
பாத்ரூம் சுவரும் அலுமாரியும் சேரும் மூலையில்,
சுவரின் மறுபக்கம் குழாய் ஓடுகிற இடத்தில்,
சீமெந்தோடு சீமெந்தாக.
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
குளிர்ச்சி.
நாலு வருசமாக இந்த அறைக்கு
வாடகை கட்டுகிறேன்,
இப்படி ஒரு மூலை இருப்பது தெரியாமல்.

அலுமாரியை நகர்த்தினேன்.
பெட்டியை அங்கே வைத்தேன்,
மூடிமேல் இரண்டு செங்கல்.
மிச்ச இடத்துக்கு
என் பாயை இழுத்துப் போட்டேன்.

மே மாதம் பொலிஸ் படிவம் வந்தது.
வதிவோர்: ஒருவர்.
பிறப்பிடம். நிரந்தர முகவரி.
கொழும்பில் தங்கியிருப்பதன் காரணம்.
அந்தக் கட்டம் எப்போதும் சின்னது.
'தொழில்' என்று எழுதிக்கொண்டிருக்கையில்
பேப்பர் உரசும் சத்தம்.

சிரட்டையின் வாசலில்
தோல் மட்டும் கிடந்தது, ஒரே துண்டாக,
கண்ணை மூடிய செதில் இரண்டும் ஒட்டியபடி.
கிழியாமல் கழன்றால்
ஈரம் போதுமென்று அர்த்தம்,
ஷெர்வின் எழுதி அனுப்பியிருந்தான்.

ஈரத்துக்கு ஆன செலவு:
ஒரு பழைய சாரம்,
நாளுக்கு இரண்டுதரம் நனைத்துப் பிழிந்தது.